வெளிநாட்டில் குடும்ப வன்முறைக்கும் மனித வியாபாரத்துக்கும் உள்ளான எமது பெண்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து துணைநிற்றல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இக்கேள்விகளைக் கேட்பவர்கள் யார்?

பெரும்பாலும் தாய்மாரே கேட்கிறார்கள், அடுத்து, உடன்பிறந்தவர்கள். மகளை லண்டனுக்கோ, ரொறன்ரோவுக்கோ, பாரிசுக்கோ, சூரிச்சுக்கோ கட்டிக்கொடுத்துவிட்டு இரண்டு வருடத்தில் அவள் குரல் மாறிப்போனதைக் கவனித்தவர்கள் அவர்கள். குவைத்துக்கும் ஓமானுக்கும் வீட்டு வேலைக்குப் போன தாயின் தொலைபேசி திடீரென்று நின்றுபோன பிள்ளைகளும் கேட்கிறார்கள். திரும்பி வந்த பெண்களுள் சிலர், எல்லோரும் எழுந்து போனபின்பு, தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். வெளிநாடுகளில் உள்ள உதவி அமைப்புகள் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கின்றன. அவளுடைய முதல் அழைப்பு வந்து சேருகிற வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று எழுதியவர்கள் குறைவு. அந்த அழைப்பு கோண்டாவிலுக்கோ கொடிகாமத்துக்கோதான் வருகிறது என்பதால், அந்த வீட்டை மனத்தில் வைத்தே கீழுள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

மகள் எதையும் சொல்லவில்லை. ஆனால் ஏதோ சரியில்லை என்று மனம் சொல்கிறது. எதைக் கொண்டு அறிவது?

அடி என்பது வன்முறையின் ஒரு பகுதிதான். அதுவும் பெரும்பாலும் பிந்தி வருகிற பகுதி. அதற்கு முன்பே வருகிற அடையாளங்கள் தொலைபேசியிலேயே தெரியும். அவள் எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கதைக்கிறாள். அல்லது கணவரின் இலக்கத்திலிருந்து மட்டுமே அழைக்கிறாள். கேட்ட கேள்விக்கு ஒரு கணம் தாமதித்து, யாரையோ பார்த்துவிட்டுப் பதில் சொல்வதுபோல் சொல்கிறாள். போய் ஒரு வருடம் ஆகியும் மொழி வகுப்புக்குப் போகவில்லை, தனியாகக் கடைக்குப் போகவில்லை, வங்கிக் கணக்கு இல்லை. கடவுச்சீட்டு எங்கே என்று கேட்டால் "மாமியிட்ட இருக்கு" என்கிறாள். வேலைக்குப் போகிறாள், ஆனால் சம்பளம் எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது.

இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மருமகனைக் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மூன்று நான்கு ஒன்றாகத் தெரிந்தால், அவள் தனியாக இருக்கும் நேரம் எது என்பதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது "உனக்கு அங்க அடிக்கிறாங்களோ?" என்று கேட்பது அவளைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். முன்கூட்டியே ஒரு சொல்லைக் குறிப்பாகப் பேசி வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு: "பெரியம்மாவின் மாடு கண்டு போட்டுட்டுதோ?" என்று மகள் கேட்டால், உடனே ஆளனுப்பு என்று பொருள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். வேலை செய்திருக்கிறது.

அவள் வாய்திறந்து சொல்லிவிட்டாள். நாங்கள் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

"நான் உன்னை நம்புறன்; பிழை உன்னில இல்லை." இதைத்தான். அதற்குப் பிறகு, "இப்ப நீ பாதுகாப்பா இருக்கிறியோ, பிள்ளையள் எங்க?" என்று கேளுங்கள்.

எமது வீடுகளில் இதற்குப் பதிலாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது "கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை" என்பதாகும். தாய் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கட்டிக்கொடுப்பதற்காகப் பட்ட கடனும், அடுத்து நிற்கும் தங்கையின் கலியாணமும், ஊர்வாயும் சேர்ந்து அவளைச் சொல்ல வைக்கின்றன. ஆயினும் கேட்கிற மகளுக்கு அது வேறு விதமாக விளங்குகிறது: திரும்பிப் போக எனக்கு வீடில்லை. அடிப்பவன் அவளிடம் தினமும் சொல்லிவந்ததும் அதுவேதான். அவன் சொன்னதைத் தாயின் வாயாலும் கேட்டபின், அவள் இரண்டாவது முறை சொல்வதற்குப் பல மாதங்கள் ஆகின்றன.

அதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தகப்பனோ அண்ணனோ கோபத்தில் மருமகனுக்கு நேரே தொலைபேசி எடுத்து ஏசுவதும், "இண்டைக்கே வெளிக்கிட்டு வா" என்று மகளுக்குக் கட்டளையிடுவதும் அதே அளவு ஆபத்தானவை. ஒரு பெண் விட்டுப் பிரிய முடிவெடுக்கும் நாட்களே அவளுக்கு மிகவும் ஆபத்தான நாட்கள் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. எப்போது வெளியேறுவது, எங்கே போவது என்பதை அவள்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த வீட்டின் கதவும் அவனுடைய வேலை நேரமும் அவளுக்குத்தான் தெரியும்.

"விசாவை வெட்டிப் போடுவன், உன்னை ஊருக்கு ஏத்திப் போடுவன்" என்று கணவர் மிரட்டுகிறார். அவரால் அப்படிச் செய்ய முடியுமா?

பெரும்பாலான இடங்களில் அவர் சொல்வது முழு உண்மை அல்ல. சில இடங்களில் முழுப் பொய். விசாவை வழங்குவதும் இரத்துச் செய்வதும் அரசாங்கமே தவிர கணவர் அல்லர். அவர் செய்யக்கூடியது, தன் ஆதரவை விலக்கிக்கொண்டதாக அறிவிப்பது. வன்முறையால் குடும்பம் பிரிந்தால் மனைவியின் வதிவிட உரிமை கணவரோடு சேர்ந்து அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே பல நாடுகள் தனி ஏற்பாடுகளைச் செய்துள்ளன. எமது மக்கள் அதிகமாக வாழும் நாடுகளின் நிலை வருமாறு.

கனடாவில், ஸ்பொன்சர் மூலம் வந்து நிரந்தர வதிவிடம் பெற்ற மனைவி இரண்டு வருடம் கணவரோடு வாழ்ந்தே தீர வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. பிஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைத்துவிட்டால், பிரிவதால் மட்டும் அது பறிபோகாது. ஸ்பொன்சர் செய்தவர் மூன்று வருடம் அவளைப் பராமரிப்பதாகக் கொடுத்த உறுதிமொழி அவரைக் கட்டுப்படுத்துகிறதே அல்லாமல் அவளை அல்ல. பிஆர் இன்னும் கிடைக்காத நிலையில் வன்முறைக்குள்ளான பெண், கட்டணமின்றித் தற்காலிக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழி 2019 ஜூலையில் திறக்கப்பட்டது.

பிரித்தானியாவில், துணைவர் விசாவில் வந்தவர் சாதாரணமாக ஐந்து வருடம் காத்திருந்தே நிரந்தர வதிவிடம் பெறுவார். கணவர் பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவராக இருந்து, அவரது வன்முறையால் உறவு முறிந்தால், அந்தக் காலம் முடியும் முன்பே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆங்கிலப் பரீட்சையும் தேவையில்லை. கையில் பணமும் ஒதுங்க இடமும் இல்லாதவளுக்கு, அரச உதவிப் பணம் பெறும் உரிமையுடன் மூன்று மாத இடைக்கால அனுமதி வழங்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அந்த மூன்று மாதத்துக்குள் அடுத்த விண்ணப்பத்தைச் செய்துவிட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. இடைக்கால அனுமதி வந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டதென்று இருந்து, காலம் தவறிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

ஜேர்மனியில் மனைவிக்குத் தனி வதிவிட உரிமை கிடைக்க மூன்று வருடக் குடும்ப வாழ்க்கை தேவை என்பது பொது விதி. குடும்ப வன்முறை அந்த விதிக்கு விலக்கு. சுவிற்சர்லாந்திலும் அதே மூன்று வருட விதியும் அதே விலக்கும் உண்டு. அங்கு 2025 ஜனவரி 1 முதல் சட்டம் விரிவாக்கப்பட்டு, திருப்பி அனுப்ப முடியாததால் தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்களின் துணைவர்கள் போன்ற, முன்பு விடுபட்டிருந்த பிரிவினருக்கும் பாதுகாப்புக் கிடைக்கிறது. பிரான்சில், கணவரின் வன்முறையால் கூட்டு வாழ்க்கை முறிந்தது என்றால், அந்த முறிவைக் காரணங்காட்டி மனைவியின் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க மறுக்க முடியாது. நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளை பெற்றவளுக்கு அந்த அட்டை பெறும் வழியும் உண்டு. அமெரிக்காவில், குடியுரிமையோ கிறீன் காட்டோ உள்ள கணவரின் வன்முறைக்குள்ளான மனைவி, அவருக்குத் தெரியாமலே தானே மனுச் செய்யும் வழியை 1994 ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. குற்றச் செயலுக்கு இரையானவர்களுக்கும் மனித வியாபாரத்துக்கு இரையானவர்களுக்குமான இரு தனி விசா வகைகள் 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தன. ஆண்டொன்றுக்கு முதல் வகைக்கு 10,000, இரண்டாவதற்கு 5,000 என்ற உச்ச வரம்பு இருக்கிறது. முதல் வகைக்குப் பல வருடக் காத்திருப்பும் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விடயம் இருக்கிறது. எதுவும் தானாகக் கிடைப்பதில்லை. வன்முறை நடந்தது என்பதைக் காட்ட வேண்டும், காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அந்த நாட்டுக் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடம் போக வேண்டும். வைத்தியரிடம் போன பதிவும், பொலிசில் கொடுத்த முறைப்பாடும், பெண்கள் காப்பகம் எழுதிய கடிதமும் அங்கே பெறுமதி உள்ளவை.

அவளிடம் எந்த வதிவிட ஆவணமும் இல்லை. பொலிசுக்குப் போகலாமா?

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் போக வேண்டும். இரண்டாவது யோசனைக்கு இடமில்லை. உடனடி ஆபத்து இல்லையென்றால், முதலில் ஒரு பெண்கள் அமைப்பையோ சட்டத்தரணியையோ அணுகுவது நல்லது. பொலிசுக்குக் கொடுக்கும் தகவல் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகாது என்ற உத்தரவாதம் எல்லா நாட்டிலும் இல்லை. பிரித்தானியாவில் அப்படியொரு தடுப்பு இல்லை என்பது அங்குள்ள பெண்கள் அமைப்புகளின் நீண்டகால முறைப்பாடு. அகதி விண்ணப்பம் கணவரின் பெயரில் இருந்து, அதில் அவள் அவரைச் சார்ந்தவளாக மட்டும் சேர்க்கப்பட்டிருந்தால், தனியாக விண்ணப்பிக்கலாமா என்பதை அந்தச் சட்டத்தரணியிடம் முதல் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

இங்கிருந்து நாங்கள் அவசர இலக்கத்தை அழைக்கலாமா?

முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து 999 அல்லது 911 அழுத்தினால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ மணி அடிக்காது. ஆகவே அவளுடைய முழு வீட்டு முகவரியையும் (தபால் குறியீட்டுடன்), அப்பகுதிப் பொலிஸ் நிலையத்தின் சர்வதேசக் குறியீட்டுடனான முழு இலக்கத்தையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகரத்தில் இருக்கும், கணவரின் உறவினர் அல்லாத ஒருவரின் இலக்கமும் வேண்டும். மகள் இருக்கும் நகரத்தின் பெயர் மட்டும் தெரிந்து, தெருப் பெயர் தெரியாத பெற்றோர் நாம் நினைப்பதைவிட அதிகம்.

அவள் தானே அழைப்பதற்கு: பிரித்தானியாவில் 999, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000, ஐரோப்பிய நாடுகளில் 112. பிரித்தானியாவில் கைத்தொலைபேசியில் 999 அழைத்துப் பேச முடியாத நிலையில் இருந்தால், அழுத்தும்படி குரல் கேட்கும்போது 55 ஐ அழுத்தினால் அழைப்பு பொலிசுக்கு மாற்றப்படும். பிரான்சில் வன்முறைக்குள்ளான பெண்களுக்கான இலக்கம் 3919. ஜேர்மனியில் 116 016.

மொழிபெயர்ப்பாளராக வந்தவர் கணவருக்குத் தெரிந்தவர். என்ன செய்வது?

சிறிய நகரங்களில் இது அடிக்கடி நடக்கிறது. எமது சமூகம் எங்கு போனாலும் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் என்று ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. மொழிபெயர்ப்பாளரை மாற்றித் தரும்படி கேட்க அவளுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், இலங்கைத் தமிழ் விளங்குபவரைக் கேட்கலாம், வேறு நகரத்திலிருந்து தொலைபேசி வழியாகப் பேசுபவரைக் கேட்கலாம். கணவரையோ, மாமியாரையோ, பிள்ளையையோ மொழிபெயர்க்க விடக்கூடாது. பத்து வயதுப் பிள்ளை தன் தாய் பட்ட அடியைப் பொலிசுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நேர்வது கொடுமை.

கோயில் ஐயாவோ, சேர்ச் போதகரோ, பெரியவர்களோ பேசித் தீர்த்து வைக்கட்டும் என்கிறார்கள். அது நல்லதுதானே?

பணத் தகராறுக்கு நல்லது. அடிக்கிற வீட்டுக்கு நல்லதல்ல. சமரசப் பேச்சு என்பது இரு பக்கமும் பயமின்றிப் பேசக்கூடிய இடத்தில் நடப்பது. அடிக்கிறவரின் முன்னால் உட்கார்ந்து அடிவாங்கினவள் என்ன பேசுவாள்? பேச்சு முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுப் போனபின், அன்றிரவு அந்த வீட்டில் அவள்தான் இருப்பாள். பெரியவர்கள் உதவ விரும்பினால், அவளுக்கு ஓர் இரவு தங்க இடமும் பயணச் செலவும் கொடுக்கட்டும்.

எங்களிடம் இருக்கும் எதை ஆதாரமாகப் பாதுகாக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்து வீடு உண்மையில் ஒரு பெட்டகம். அவளுடைய கைத்தொலைபேசியை அவன் உடைத்துவிடலாம். அதிலிருந்து அவள் அனுப்பிய குரல் பதிவு உங்கள் தொலைபேசியில் இருக்கும். அதை அழிக்காதீர்கள். வேறு யாருக்கும் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடவும் கூடாது, ஏனெனில் மூலப் பதிவில்தான் வந்த திகதியும் நேரமும் இருக்கும். இடம் போதவில்லையென்று வாட்ஸ்அப்பைத் துப்புரவாக்குகிற தம்பிமாரிடமிருந்து அதைக் காப்பாற்றுவது தனி வேலை. காயத்தின் படங்கள், மிரட்டிய குறுஞ்செய்திகள், மாப்பிள்ளை வீட்டாரின் அழைப்புகள் ஆகியவற்றைப் பிரதி எடுத்து, நினைவகத் தட்டு ஒன்றில் வேறு வீட்டில் வையுங்கள். ஒரு கொப்பியில் அவள் அழைத்த திகதி, நேரம், சொன்னது ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். பிறகு சத்தியக் கடதாசி எழுதும்போது அந்தக் கொப்பி பேசும்.

விவாகப் பதிவுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டின் பிரதி, கலியாணப் படங்கள், சீதனமாகக் கொடுத்த பணம், நகை பற்றிய கடிதங்கள், வங்கிப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். அங்குள்ள அதிகாரிகளுக்கு அனுப்ப, சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். கலியாணம் உண்மையானது, வெறும் விசாவுக்காக நடந்ததல்ல என்பதைக் காட்டவும் இவை தேவைப்படும். எமது ஊரில் மூன்று மணி நேரம் ஓடுகிற கலியாண வீடியோவுக்கு இப்படியும் ஒரு பயன்.

வன்முறை வேறு, மனித வியாபாரம் வேறு அல்லவா? என் மகளைக் கலியாணம் செய்துதானே கூட்டிப்போனார்கள்?

இங்கே எமது மொழியே சிறிது குழப்புகிறது. பணம் வாங்கிக்கொண்டு எல்லை கடத்திவிடுகிற ஏஜென்ட்டின் வேலையையும், மனிதரை விலைப்பொருளாக்கிச் சுரண்டுவதையும் நாம் "ஆட்கடத்தல்" என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். முன்னது எல்லைக்கு எதிரான குற்றம். போய்ச் சேர்ந்ததும் தொடர்பு முடிந்துவிடும். பின்னது மனிதருக்கு எதிரான குற்றம். போய்ச் சேர்ந்த பின்புதான் தொடங்குகிறது. அதனால் இங்கே பின்னதை மனித வியாபாரம் என்று எழுதுகிறோம்.

2000 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை நெறிமுறை இதற்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது. ஆளைச் சேர்ப்பது, ஏற்றிச் செல்வது, வைத்திருப்பது போன்ற செயல். பலாத்காரம், ஏமாற்று, பலவீனத்தைப் பயன்படுத்துவது போன்ற வழி. சுரண்டல் என்ற நோக்கம். இந்த வழிகளுள் ஒன்று பயன்படுத்தப்பட்டிருந்தால், அவள் "ஓம், போறன்" என்று சம்மதித்தது கணக்கில் வராது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் வழியைக் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. இலங்கை இந்த நெறிமுறையை 2015 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதற்கு முன்பே, 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு இதைக் குற்றமாக்கியிருந்தது. தண்டனை இரண்டு முதல் இருபது வருடச் சிறை.

கலியாணம் இந்த வரையறைக்கு வெளியே நிற்பதில்லை. மனைவி என்று கூட்டிப்போய், கடவுச்சீட்டைப் பறித்து, மாமனார் வீட்டுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரியாகவோ கடையின் பின்னறையில் நாளுக்குப் பதினாறு மணி நேரம் வேலை செய்பவளாகவோ வைத்திருந்தால், அதற்கு வீட்டு அடிமைத்தனம் என்று பெயர். ஒரே பெண் குடும்ப வன்முறைக்கும் மனித வியாபாரத்துக்கும் ஒருங்கே இரையாகியிருக்கலாம். எந்தப் பெயரில் பதிவு செய்கிறோம் என்பதில் அவளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மாறும் என்பதால்தான் இந்த வேறுபாட்டை அறிய வேண்டியிருக்கிறது. கனடாவில் மனித வியாபாரத்துக்கு இரையானவருக்கு முதலில் 180 நாள் வரையான தற்காலிக அனுமதி கிடைக்கும். குற்றவாளிக்கு எதிராகச் சாட்சி சொன்னால்தான் தருவோம் என்ற நிபந்தனை இல்லை. பிரித்தானியாவில் அவள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது: பொலிஸ், உள்ளூராட்சி சபை, குறிப்பிட்ட சில தொண்டு நிறுவனங்கள் ஆகியவையே அவளது சம்மதத்துடன், இரையானவர்களை இனங்காணும் தேசியப் பரிந்துரை முறைமைக்கு அனுப்ப வேண்டும். முதல் முடிவு சாதகமாக வந்தால், குறைந்தது 30 நாள் மீட்சிக் காலம் கிடைக்கும்.

அம்மா வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். சம்பளமும் இல்லை, தொடர்பும் இல்லை. எங்கே போவது?

அங்குள்ள கபாலா முறையில், வேலைக்காரரின் வதிவிட உரிமை வேலைகொள்வோரின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அனுமதியின்றி வீட்டைவிட்டு வெளியேறினால் "ஓடிப்போனவர்" என்று வேலைகொள்வோர் முறையிடலாம். அதன்பின் சம்பளம் கொடுக்காத எசமானின் குற்றம் மறைந்து, வெளியேறிய வேலைக்காரியின் குற்றமே முன்னால் நிற்கும். ஆகவே வெளியேறுவதென்றால் தெரிந்த ஆள் வீட்டுக்கு அல்லாமல் நேரே இலங்கைத் தூதரகத்துக்கு அல்லது பொலிசுக்குப் போக வேண்டும். மாடியிலிருந்து சேலையைக் கட்டி இறங்கி இடுப்பெலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சட்டம் எதுவுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம்: குவைத்தின் 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம், வீட்டு வேலைக்காரருக்கு வார விடுமுறையையும் நாளுக்கு 12 மணி நேர உச்ச வரம்பையும் விதித்து, கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதையும் தடுக்கிறது. நடைமுறை வேறு என்பது நமக்குத் தெரியும்; ஆனாலும் முறைப்பாட்டில் அந்தச் சட்டத்தைச் சுட்டுவது பயனுள்ளது.

இங்கே, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை அழைத்து முறைப்பாட்டைப் பதிவு செய்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டுப் பிரதி, ஒப்பந்தம், ஏஜென்சியின் பெயர், வேலைகொள்வோரின் பெயரும் தொலைபேசியும், கடைசியாகப் பேசிய திகதி ஆகியவை வேண்டும். பணியகத்தில் பதிந்து போனவருக்குக் காப்புறுதி இருக்கும். ஏஜென்சியைப் பதில் சொல்ல வைப்பதும் எளிது. சுற்றுலா விசாவில் போனவர்களுக்கு இந்த வேலி இல்லை. 2022 இன் இறுதியில் ஓமானுக்குச் சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்டு அகப்பட்ட இலங்கைப் பெண்களின் விவகாரம் வெளியானபோது நாடே அதைப் பார்த்தது. பதியாமல் போனதால் முறையிட முடியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஏமாற்றி அனுப்பப்பட்டவள் இரையானவள்தான், குற்றவாளி அல்லள்.

அனுப்பிய அதே ஏஜென்ட் "இன்னும் மூண்டு லட்சம் தந்தால் கூட்டிவந்து விடுறன்" என்று சொல்லும்போது கொடுக்காதீர்கள். காணி உறுதியை ஈடு வைத்தும், நகையை அடகு வைத்தும் ஏற்கெனவே கொடுத்த பணத்தால்தான் அவள் அங்கே வாய்மூடி இருக்கிறாள். அவரோடு பேசிய பேச்சையும் பணம் போட்ட சீட்டையும் பொலிசுக்குக் கொண்டுபோங்கள். பயமுறுத்தப்பட்டால், குற்றத்துக்கு இரையானவர்களுக்கும் சாட்சிகளுக்குமான 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரலாம்.

அவள் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டாள். கணவரும் விடுமுறையில் வந்து மிரட்டுகிறார். இங்கே சட்டம் உண்டா?

உண்டு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளோ அவரோ தற்காலிகமாகவேனும் தங்கியிருக்கும் இடத்தின் நீதிமன்றம் போதும்: யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று எது கிட்டவோ அது. உடற்காயம் மட்டுமன்றி உளரீதியான துன்புறுத்தலும் இச்சட்டத்துக்குள் வரும். அவசரமென்றால் நீதவான் இடைக்காலக் கட்டளை இட்டு, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிப்பார். முழுக் கட்டளை 12 மாதம் வரை நிலைக்கும். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். பராமரிப்புப் பணத்துக்கு 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

காயம் இருந்தால் அரச வைத்தியசாலைக்கே போக வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை அங்குதான் கிடைக்கும். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. பொலிசின் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவுக்கு 109. உடனடி ஆபத்துக்கு 119.

சீதன வீடும் காணியும் என்னவாகும்?

இதை வேளைக்கே கவனிக்க வேண்டும். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுவழிச் சட்டத்துக்கு) உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கைவிட்டுப் போன கணவரின் சம்மதம் இல்லாமலே அதைச் செய்ய மாவட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது; இந்த இரண்டாவது பகுதி ஊரில் பலருக்குத் தெரியாது. வெளிநாடு போகும் அவசரத்தில் கணவருக்கோ மாமனாருக்கோ அவள் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் அதிகாரம்) எழுதிக்கொடுத்திருந்தால், நொத்தாரிசு மூலம் அதை இரத்துச் செய்து பதிவு செய்யுங்கள். அவள் அங்கிருந்தபடியே இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்து வைக்கலாம்.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடச் சொல்லலாமா?

சட்டத்தரணியைக் கேட்காமல் சொல்லாதீர்கள். சர்வதேசச் சிறுவர் கடத்தல் பற்றிய 1980 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001 இல் சேர்ந்து, அதே வருடம் 10 ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. தகப்பனின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இன்றி, பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வழமையாக வாழ்ந்த நாட்டிலிருந்து கொண்டுவந்தால், பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி வழக்கு வரலாம். அடியிலிருந்து தப்பிவந்த தாய், பிள்ளையைக் கடத்தியவளாக நிற்க வேண்டி வரும். அங்கேயே காப்பகத்துக்குப் போய், பிள்ளைகளின் பொறுப்பை அந்நாட்டு நீதிமன்றத்தில் பெற்றுக்கொள்வது பெரும்பாலும் பாதுகாப்பான வழி. தாய்க்கு இதைக் கேட்பது வேதனைதான். மகளும் பேரப்பிள்ளைகளும் முற்றத்தில் நிற்க வேண்டும் என்றுதான் அவள் மனம் கேட்கும்.

அடிக்கிறவர் எங்கள் மகன் என்றால்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலர், கேட்டவர்களை மதிக்கிறோம். மருமகளின் கடவுச்சீட்டும் நகையும் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே அவளிடம் சேர்ப்பியுங்கள். மகனுக்காக நீங்கள் பொய்ச்சாட்சி சொல்ல வேண்டியதில்லை. "அவனுக்குக் கோபம் கூட, நீதான் அனுசரிச்சுப் போகோணும்" என்று அவளிடம் சொல்வதை நிறுத்துங்கள்.

இந்தக் கேள்வி பதில்களை அப்படியே மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

வேண்டாம். அவளுடைய தொலைபேசியைப் பார்ப்பவர் அவள் மட்டும்தான் என்பது உறுதியானால் தவிர, எழுத்தில் எதையும் அனுப்பாதீர்கள். வேறொரு கருவியில் அவளது கணக்கு திறந்திருக்கலாம்; இருப்பிடம் காட்டும் வசதி ஓடிக்கொண்டிருக்கலாம். அவள் வேலைத்தளத்தில், வைத்தியரிடத்தில், பிள்ளையின் பாடசாலையில் தனியாக நிற்கும்போது அழைக்கச் சொல்லி, அவளுடைய நாட்டுக்குரிய பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். இலக்கத்தை எழுதி வைக்கச் சொல்லாமல், மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.